இரு நாச்சியார்கள்

வத்திராயிருப்பில் பத்தாண்டுகளாய்த் தமிழ் வளர்க்கும் வட்டத்தின் அன்பர்களே!

ஆங்கில நாட்டின் பிரபுப் பட்டங்கள் பெரும்பாலும் ஆண்வழியே இறங்குவன. மகள் மட்டும் எஞ்சினால் பட்டம் பங்காளிக்குப் போகும். அவனும் இல்லையேல் அற்றொழியும். விலக்குகளும் உண்டு. ஆண்மக்களை இழந்த மார்ல்பரோ கோமகனுக்காக 1706இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. அதனால் 1722இல் தந்தை மறைந்தபின் மகள் ஹென்றியெட்டா கோமகளானார்.

சிவகங்கைச் சீமையின் கதை வேறு. 1801இல் மருது சகோதரரோடு போரிட்ட கும்பினியார் கௌரி வல்லப உடையத்தேவரை ஜமீன்தாராக அமர்த்தினர். 1829இல் அவர் ஆண்மகவின்றி மறைந்தார். தமையனார் ஒய்யாத்தேவரின் மகன் சீமையைக் கைக்கொண்டார். மனைவி வழக்கிட்டார், பின்னர் மகள் காத்தம நாச்சியார் வழக்கைத் தொடர்ந்தார். வழக்கு கடல்கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1863இல் மகளே வென்றார்.

வென்ற காரணம் நோக்கத்தக்கது. குடும்பம் பாகம் பிரியாதது. ஆயினும் ஜமீன் கும்பினியார் புதிதாய் அளித்தது. ஆகவே அது தந்தையின் சுயார்ஜிதம். மனைவிக்குப்பின் மகளைச் சேரும் என்றனர் நீதிபதிகள். பிதுரார்ஜிதமாய் இருந்திருந்தால் பங்காளியே வென்றிருப்பார். எனவே அன்று வென்றது சொத்தின் வகையேயன்றி மகளின் பிறப்புரிமை அன்று. பிதுரார்ஜிதத்திலும் மகளுக்குச் சமபங்கு என்னும் சட்டம் தமிழகத்தில் 1989இல்தான் வந்தது. இங்கிலாந்திலோ 2013ஆம் ஆண்டுச் சட்டம் அரியணைக்கு மட்டும் ஆண் முந்துரிமையை நீக்கியது. பிரபுப் பட்டங்களைத் தொடவில்லை.

மொழி எவ்வகைச் சொத்து? முன்னோர் வைத்துச் சென்றதால் பிதுரார்ஜிதம். ஒவ்வொரு கவிஞரும் பாடுபட்டுத் தேடவேண்டியிருப்பதால் சுயார்ஜிதம். இதற்கு விடை வத்திராயிருப்புக்கு அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரிலேயே உண்டு. பெரியாழ்வார் துளசி வனத்தில் கண்டெடுத்த மகள் ஆண்டாள் என்பது வைணவ மரபு. பெற்ற மகளும் அல்லள். எனினும் தந்தையின் தமிழ் அவளைச் சேர்ந்தது. அவள் தன் பாட்டால் அதைப் பெருக்கினாள். ஆழ்வார் வரிசையில் தந்தைக்கும் இடமுண்டு, மகளுக்கும் இடமுண்டு.

காத்தம நாச்சியாருக்கு முப்பதாண்டுக்கு மேற்பட்ட வழக்கும் கடல்கடந்த தீர்ப்பும் வேண்டியிருந்தன. சூடிக்கொடுத்த நாச்சியாருக்குப் பாட்டே பட்டயமாயிற்று. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டம் பாட வரும் மகளிரிடம் வேறு பட்டயம் கேளாதிருக்கட்டும்!