'இன்டர்காலனியல்'

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



இன்று 'இன்டர்காலனியல்' என்ற ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். தலைப்பைக் கேட்டதும் நம் செயலாளர், "நம்ம காலனிக்கும் பக்கத்துக் காலனிக்கும் மேட்சா மாமா?" என்றார். டில்லிவாசி வேறெப்படிக் கேட்பார்? இங்கே காலனி என்றால் குடியிருப்பு. தமிழ்நாட்டிலோ அது ஊரார் ஒதுக்கிவைத்த ஜனங்களின் இடத்துக்குப் பெயராகி, வசையாகவும் ஆயிற்று. அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாக 2025-ல் சட்டசபையில் அறிவித்தார்கள். தனியாகப் பேசவேண்டிய, நாம் பேசத் தயங்குகிற விஷயம் அது.

நான் சொல்வது பிரிட்டிஷ்காரர் குடியேறிய காலனி. 'காலனியல்' என்றால் லண்டனுக்கும் காலனிக்கும் உள்ள சம்பந்தம். 'இன்டர்காலனியல்' என்றால் காலனிக்கும் காலனிக்கும் உள்ள சம்பந்தம். முன்னது தாய்-பிள்ளை உறவென்றால், பின்னது பங்காளி உறவு. பங்காளி உறவு எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்!

செயலாளர் சொன்ன மேட்சும் உண்டு. 1851 பிப்ரவரியில் லான்செஸ்டனில், இன்றைய டாஸ்மேனியாவும் இன்றைய விக்டோரியாவும் ஆடியதைத்தான் ஆஸ்திரேலியாவின் முதல் இன்டர்காலனியல் கிரிக்கெட் பந்தயம் என்கிறார்கள். சொல்லை நிறுத்துப் பார்த்தால் அது சரியில்லை. விக்டோரியா தனிக் காலனியானது அந்த ஜூலையில்தான். ஆடியபோது அது நியூ சவுத் வேல்ஸின் ஒரு ஜில்லா!

பிரிந்த பின் இந்த இரு பங்காளிகளும் செய்ததைக் கேளுங்கள். இருவருக்கும் ஒரே மகாராணி, ஒரே பாஷை. ஆனால் விக்டோரியாவின் தண்டவாளம் 1600 மில்லிமீட்டர் அகலம், நியூ சவுத் வேல்ஸில் 1435. 1883-ல் இரண்டு பாதைகளும் எல்லையில் ஆல்பரியில் சந்தித்தன. ரயில் மட்டும் தாண்ட முடியவில்லை. பயணிகள் மூட்டை முடிச்சோடு இறங்கி வண்டி மாறவேண்டும். சுங்கச் சோதனை வேறு! எழுத்தாளர் மார்க் ட்வைன் 1895-ல் அங்கே வண்டி மாறி, அதைக் கேலி செய்து எழுதினார். 1901-ல் காலனிகள் ஒரே நாடாகச் சேர்ந்து, அவற்றுக்குள் சுங்கமும் ஒழிந்தது. காலனிகள் 'ஸ்டேட்' ஆனதால் சொல்லும் 'இன்டர்ஸ்டேட்' ஆயிற்று. தண்டவாளம்தான் பிடிவாதம் பிடித்தது. சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு ஒரே அகலப் பாதை வந்தது 1962-ல்.

கனடாவில் கதை தலைகீழ். ஹாலிஃபாக்ஸிலிருந்து கியூபெக் பக்கம் ரயில் போட்டால்தான் ஒன்றுசேர்வோம் என்று கடலோரக் காலனிகள் கேட்டன. 1867-ல் இணைந்தபோது அந்த ரயில்பாதையைச் சட்டத்திலேயே எழுதிக்கொடுத்தார்கள். சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் என்ற எஞ்சினியர் அதைக் கட்டினார். அமெரிக்க எல்லையை விட்டு ஒதுங்கிப் போகவேண்டும் என்று சுற்றுவழியாகப் போட்டார்கள். வண்டி முழுத் தூரமும் ஓடியது 1876-ல். அதற்குள் காலனிகள் மாகாணங்களாகி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பெயர் 'இன்டர்காலனியல் ரயில்வே'தான். கனேடியன் நேஷனலில் கரையும்வரை, சுமார் நாற்பது வருஷம், அந்தப் பெயரிலேயே ஓடியது. கல்யாணமாகிப் பேரன் பிறந்த பிறகும் பிறந்த வீட்டுப் பெயரால் கூப்பிடுகிற மாதிரி.

என் பெண் மெல்போர்னில் இருக்கிறாள். போன வாரம் போனில் பேரனிடம் "அப்பா எங்கேடா?" என்றேன். "இன்டர்ஸ்டேட் போயிருக்கா தாத்தா" என்றான். அங்கே வெளி மாநிலம் போயிருப்பதை அப்படியே ஒற்றை வார்த்தையில் சொல்கிறார்கள். சிட்னிக்காம். "ரயிலிலா? ஆல்பரியில் இறங்கினாரா?" என்று கேட்டேன்.

"ஆல்பரின்னா என்ன தாத்தா?" என்றான்.