இதயம் ஓய்ந்திருக்கும் வேளையில்

இதயத்தைத் திறந்து பழுது தீர்ப்பதென்பது ஒரு காலத்தில் வைத்தியர்கள் அஞ்சி ஒதுங்கிய செயல். 1953 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் திகதி, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜோன் கிபன் என்னும் சத்திரவைத்தியர், 18 வயதுப் பெண்ணொருத்தியின் இதயத்திலிருந்த துவாரத்தை மூடினார். அப்பொழுது 26 நிமிட நேரம் இதயத்தின் வேலையையும் சுவாசப்பைகளின் வேலையையும் ஓர் இயந்திரமே ஏற்று நடத்தியது.

இதயத்திற்கு இவ்வாறு ஓய்வு அளிக்கலாம். மூளைக்கு அளித்தல் எளிதன்று. உடல் நிறையில் ஐம்பதில் ஒரு பங்கேயான மூளை, உடல் கொள்ளும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தனக்கென எடுத்துக் கொள்கிறது. அதைச் சேமித்து வைக்கும் களஞ்சியமோ அதற்கு இல்லை. விழித்திருப்பவருக்கு ஒட்சிசன் குறைந்தால் தலை சுற்றும், பேச்சுக் குழறும். மயக்கமருந்தில் ஆழ்ந்திருப்பவர் எதனைக் காட்டுவார்?

இவ்வினாவுக்கு ஒளி விடையளித்தது. செந்நிறக்கீழ்க் கதிர்களுள் ஒரு பகுதி மண்டையோட்டையும் ஊடுருவிச் செல்லும் என்பதை 1977 இல் பிரான்ஸ் யோப்சிஸ் என்னும் ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். ஒட்சிசனைத் தாங்கிய ஈமோகுளோபின் ஒருவகையாகவும், அதனை இழந்தது வேறுவகையாகவும் இக்கதிர்களை உறிஞ்சும். நெற்றியில் ஒட்டப்படும் இரு பட்டைகள் இவ்வேறுபாட்டை அளந்து, நூற்றுவீதமாகத் திரையில் காட்டுகின்றன.

மயக்கமருந்து கொடுக்குமுன் பெற்ற அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறையுமாயின், வைத்தியக் குழு விழிப்படைகிறது. கழுத்துத் திரும்பிக் குருதியோட்டம் தடைப்பட்டதா? குழாய் இடம் பெயர்ந்ததா? குருதியமுக்கம் தாழ்ந்ததா? குருதியில் காபனீரொட்சைட்டோ ஈமோகுளோபினோ குறைந்ததா? ஒவ்வொன்றாக ஆராய்ந்து காரணத்தைத் திருத்துகின்றனர். எனினும், இக்கருவி நெற்றிக்குப் பின்னுள்ள சிறு பகுதியையே காண்கிறது; மூளை முழுவதற்கும் அது சாட்சியன்று.

இக்கவனம் ஏன் வேண்டும்? இதயம் நலமுற்று வீடு திரும்பியவர், நேற்றுக் கேட்டதை இன்று மறக்கிறார்; நெடுங்காலம் பழகிய கணக்கில் தடுமாறுகிறார். 2001 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முடியுருநாடி மாற்றுவழிச் சிகிச்சை பெற்ற 261 பேரைப் பற்றிய முடிவை வெளியிட்டனர். வீடு திரும்பும் வேளையில் நூற்றுக்கு 53 பேரிடமும், ஆறு மாதத்தில் 24 பேரிடமும், ஐந்தாண்டில் 42 பேரிடமும் அறிவாற்றற் குறைவு காணப்பட்டது.

பழி முழுவதையும் இயந்திரத்தின் மீது சுமத்துதல் நீதியன்று. சத்திரசிகிச்சை பெறாத இதய நோயாளரிடமும் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒத்த குறைவு தோன்றுவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. குருதிக்குழாய் நோயும் முதுமையும் இதிற் பங்குகொள்கின்றன. சத்திரசிகிச்சையின்போது மூளையில் ஒட்சிசன் நெடுநேரம் தாழ்ந்திருந்தோரிடம் இக்குறைவு மிகுதி என்பதை 2009 இல் வெளியான ஓர் ஆய்வு உணர்த்தியது. ஆயினும், அத்தாழ்வைத் திருத்துவதால் நினைவாற்றல் காக்கப்படும் என்பது ஐயமற நிறுவப்படவில்லை.

ஆகவே கருவியொன்றே காவலாகாது. சத்திரசிகிச்சைக்கு முன்னரே நோயாளியின் நினைவாற்றலைச் சோதித்து வைப்பதும், பின்னர் குருதியமுக்கத்தையும் நீரிழிவையும் கட்டுப்படுத்தி, புகைத்தலைக் கைவிடச் செய்வதும் வேண்டும். வீட்டார் மறதியைக் கண்டால் கடிந்துகொள்ளாது வைத்தியரிடம் கூறவேண்டும். மீட்கப்பட்ட இதயம் யாருக்காகத் துடிக்கிறதோ, அந்த மனிதர் முழுமையாக மீண்டாரா என்பதே இறுதியில் கேட்கவேண்டிய கேள்வி.