காமன் கூத்தும் காணி உரிமையும்

(உடப்புசல்லாவைப் பகுதித் தோட்டமொன்றில், காமன் தகனம் நிகழ்ந்த மூன்றாம் நாள் மாலை, உயிரெழுப்பும் கூத்துத் தொடங்குமுன் நிகழ்த்திய உரை)



கூத்துக் களத்தில் நின்று நாம் பேசப்போவது அரசியல். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்று எவரும் குறை கூறக்கூடாது. கூத்துக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டுகிறோம். 1947 ஆம் ஆண்டில் தலவாக்கலைத் தொகுதியில் நின்று நாடாளுமன்றம் சென்றார் சி. வி. வேலுப்பிள்ளை. அதே மனிதர்தான் லயம் லயமாக நடந்து, நம் பாட்டிமார் பாடிய பாட்டுகளைத் திரட்டி நூலாக்கித் தந்தார். அவருக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிந்தன.

முந்தாநாள் இரவு நாமும் இதே பொட்டலில் உட்கார்ந்திருந்தோம். மாசி மாதத்துப் பனி. இராகலைப் பக்கமிருந்து வந்த காற்று கம்பளியைத் துளைத்து எலும்பைத் தொட்டது. ஒன்பது மணிக்குத் தொடங்கும் என்றார்கள்; பதினொன்றுக்குத்தான் தொடங்கிற்று. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பகலெல்லாம் கொழுந்து பறித்த தாய்மார், மறுநாள் விடியுமுன் பெரட்டுக்களத்தில் நிற்கவேண்டிய தாய்மார், மடியில் குழந்தையை உறங்கவைத்துக்கொண்டு கண் இமையாமல் இருந்தார்கள். நகரத்திலே படக்காட்சி பத்து நிமிடம் தாமதமானால் நாற்காலிகள் என்ன பாடு படுகின்றன என்பதை நாம் அறிவோம்.

தேவர்களின் ஓலை வருகிறது. சிவனாரின் தவத்தைக் கலைக்க மதன் புறப்படுகிறான். ரதி வழிமறிக்கிறாள். கண்ட கனவையெல்லாம் சொல்லி, போகவேண்டாம் என்று மன்றாடுகிறாள். அப்போது நிகழ்ந்ததைத்தான் நாம் சொல்ல வந்தோம். ரதியின் பாட்டைப் பின்பாட்டுக்காரர்கள் எடுக்குமுன்னே பெண்கள் பக்கம் எடுத்துக்கொண்டது. ஒரு கிழவி எழுந்து நின்று, ‘போகாதே சாமி!’ என்று கையை நீட்டிக் கதறினாள். அவன் எரிவான் என்பது அவளுக்குத் தெரியாதா? சென்ற ஆண்டும் எரிந்தான். அவள் சிறுமியாய் இருந்தபோதும் எரிந்தான். தஞ்சையிலே மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று இலாவணிக்காரர்கள் இரு கட்சியாய்ப் பிரிந்து விடிய விடிய வாதிடுவார்கள். இங்கே அந்த ஐயம் எவருக்கும் இல்லை. தெரிந்தே ஆண்டுதோறும் மறிக்கிறார்கள். மேலிடத்திலிருந்து ஓலை வந்ததும் வீட்டு ஆண்மகன் புறப்பட்டுப்போவதையும், போனவன் திரும்பாததையும், திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் காடு கடந்து வந்த நாள் முதல் கண்டவர்கள் அல்லவா இவர்கள்!

சிவனாராக நின்றவர் ஓர் அடியை விட்டுவிட்டார். ‘மாமா, ஓரடி விட்டுப்போச்சு!’ என்று பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கூவினான். சிவனார் சிரிக்காமல் திரும்பி, விட்ட அடியைப் பாடி முடித்துவிட்டுத்தான் நெற்றிக்கண்ணைத் திறந்தார். வீரபத்திரன் வந்தபோதோ, நாலு பேர் பிடித்தும் அடங்கவில்லை. பார்த்திருந்தவர்களில் மேலும் இருவர் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். யார் நடிகர், யார் பார்வையாளர் என்று அந்நேரம் கேட்டிருந்தால் எவராலும் விடை சொல்ல முடிந்திராது.

நம்முடன் வந்திருந்த மருத்துவ நண்பர் இம்மலைகளில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவிலே பிறந்தவர். ‘படித்துப் பட்டம் பெற்றபின் பத்தாண்டுகள் இந்தப் பக்கம் வரவில்லை, வரக் கூச்சப்பட்டேன்’ என்றார். ரதி மாரடித்து அழுதபோது அவர் வாய் அந்தப் பாட்டைத் தானாக முணுமுணுத்ததை நாம் கண்டோம். பிடிபட்டுவிட்டவர்போல் நம்மைப் பார்த்தார்.

இந்த உற்சாகம் சீட்டு விற்று வந்ததன்று. வீட்டுக்கு வீடு எடுத்த வரி இருக்கிறது. அரிசியும் தேங்காயும் இருக்கின்றன. மாசி மூன்றாம் பிறையிலே கம்பம் ஊன்றிய நாள் முதல் காப்புக் கட்டி நோன்பிருந்த இளைஞர்களின் பசியும் இருக்கிறது. நகரத்து விழாக்களில் இதே கூத்தை அரைமணி நேரத்துக்குச் சுருக்கி, ஒலிபெருக்கி வைத்து ஆடக் காண்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆடட்டும். ஆனால் அங்கே மக்கள் நாற்காலியில் அமர்ந்து, முடிந்ததும் கைதட்டிவிட்டுப் போகிறார்கள். ரதியை அழைத்துக்கொண்டு வாசல் வாசலாகச் செல்லவும், வாசலில் விளக்கேற்றி அவளுக்காகக் காத்திருக்கவும் அங்கே லயம் ஏது?

தப்பைப் பற்றி ஒரு சொல். வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலே, இருட்டோடு தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக்கு அழைத்ததும் இந்தத் தப்புத்தான். காலையில் துரைக்காக முழங்கியது. இரவில் நமக்காக முழங்கியது. அதே தோல், அதே கை. அந்தக் கைக்கு நாம் செய்யும் மரியாதை என்ன? கசப்பானாலும் சொல்லியாகவேண்டும். தப்போசை கேட்டதும் துள்ளுகிறவர்கள், தப்படிப்பவரைப் பந்தியிலே தள்ளி உட்காரவைக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் சாகவில்லை. சிவனார் மூன்றாம் கண்ணால் எரிக்கவேண்டியது மதனையா, இதையா? இன்னொன்று. பாட்டு முழுவதையும் நெஞ்சிலே வைத்திருப்பவர்கள் பெண்கள். ரதி வேடம் மட்டும் ஆண்பிள்ளைக்கு! நம் மாஸ்டர் இதை அடுத்த மாசிக்குள் எண்ணிப் பார்க்கட்டும்.

இந்தக் கூத்து எத்தனை அடி தாங்கியது தெரியுமா? 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாம். தேங்காயைக்கூட இப்படிக் கூறு போடமாட்டார்கள்! ரதி கட்டியவர் தலைமன்னாரில் கப்பலேற, மதன் கட்டியவர் மலையிலே நின்றார். பாட்டுக்காரர் ஒரு கரையில், தப்புக்காரர் மறு கரையில். ஆயினும் மறு மாசியில் கம்பம் ஊன்றினார்கள். புதிய ரதியைத் தேடிப் பிடித்தார்கள். நாடற்றவர் என்ற பெயரை நீக்கப் 2003 வரை சட்டங்கள் இயற்றவேண்டியிருந்தது. நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியே இராகலைக்கு, உடப்புசல்லாவை இரயில் பாதை என்று பெயர்வைத்துச் சிறு தண்டவாளம் போட்டார்கள் வெள்ளையர். இன்று அதன் தடத்தைத் தேடவேண்டியிருக்கிறது. காமனைத் தேடவேண்டியதில்லை.

இனி அரசியலுக்கு வருவோம். இத்தனை பேர் அமர்ந்திருக்கும் இந்தப் பொட்டல் யாருடையது? காமன் பொட்டல் என்று உங்கள் பாட்டன்மார் பெயரிட்டார்கள். பெயர் உங்களுடையது, மண் உங்களுடையதன்று. 1970களில் அரசு தோட்டங்களை எடுத்தது. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது. எந்தக் கைமாற்றத்திலும் இந்தப் பொட்டலுக்கு உறுதி எழுதிய ஒரு தாள் பிறக்கவில்லை. இப்பொழுது குடும்பத்துக்குக் காணியும் தனிவீடும் என்கிறார்கள். நல்லது, இன்னும் விரைவாக வரட்டும். ஆனால் இவ்விடத்துக்கென வரைந்த வரைபடத்தை நாம் பார்த்தோம். இந்தப் பொட்டல் இரண்டு வீட்டுத் துண்டுகளாகக் கீறப்பட்டிருக்கிறது. கூத்தாடும் இடம் என்று ஒரு புள்ளியும் இல்லை.

அந்த இரண்டு துண்டுக்குரிய குடும்பங்களும் இங்கே இருக்கின்றன. அவர்களுக்கு வீடு வேண்டாம் என்று சொல்ல நாம் மடையரல்லர். பொட்டலுக்குக் கீழே, பராமரிப்பின்றிக் காடேறிக் கிடக்கும் தேயிலை மலை இருக்கிறதே! இரண்டு வீட்டுக்கு அங்கே இடமில்லையா? இதைத்தான் கேட்கவேண்டும். நம் பிள்ளைகளில் இன்று சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், நில அளவையாளர்கள் இருக்கிறார்கள், பிரதேச சபையில் அமர்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். கூத்தன்று ஊர் வந்து, புகைப்படம் பிடித்துக்கொண்டு போய்விடாமல், வரைபடத்தை விரித்து உட்காருங்கள். பொட்டலை ஊர்ப் பொதுநிலமாகக் குறித்து, ஊரின் பேருக்கு எழுதி வாங்குவதற்கு வேண்டிய விண்ணப்பத்தை அவர்களே எழுதட்டும்.

மரக்கறி செய்யும் அன்பர்களுக்கும் ஒன்று. கிழக்கு ஓரத்தில் கரட் பாத்தி இரண்டு முழம் உள்ளே வந்திருக்கிறது. யாருடையது என்று நாம் விசாரிக்கவில்லை. நட்டவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். இந்த முறை பிடுங்கி விற்கட்டும். அடுத்த முறை பாத்தி தன் எல்லைக்குள் நிற்கட்டும். கம்பனியிடம் எல்லை கேட்கப்போகிறவர்கள், தம் எல்லையை அறிந்திருக்கவேண்டாமா?

விண்ணப்பத்தின் முதல் தாள் மேசையில் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. கைந்நாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் உண்டு. முந்தாநாள் ரதியோடு சேர்ந்து மறித்த அந்தப் பாட்டியின் பெயர் முதலில் விழவேண்டும் என்பது நம் விருப்பம்; அவரை யாராவது கைபிடித்து முன்னே அழைத்துவாருங்கள்.

அதோ, தப்புக் காய்ச்ச நெருப்பு மூட்டிவிட்டார்கள். மாஸ்டர் நம்மைப் பார்த்துக் கையசைக்கிறார். எரிந்தவனை எழுப்பும் வேளை வந்துவிட்டது. நாம் இறங்குகிறோம்.