ஆட்டத்தில் தடுமாறுபவனைக் கைவிடலாமா?

(சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



அமெரிக்கக் கல்லூரிகளின் உதைபந்தாட்டக் குழுக்களிலே, சரியாக ஆட முடியாமல் தடுமாறும் மாணவனைப் பயிற்றுவிப்பாளர் தொடர்ந்து வைத்திருக்க வேண்டுமா, விலக்கிவிட வேண்டுமா என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம். கடல் கடந்த தேசத்து விளையாட்டைப் பற்றி நமக்கென்ன என்று பெரியோர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆனால் விளையாடுபவர்கள் நம் வயதினர், பல்கலைக்கழக மாணவர்கள். தடுமாறும் இளைஞனுக்கு மூத்தவர் ஒருவர் எவ்வளவு காலம் தவணை கொடுக்கலாம் என்ற கேள்வி அங்கே எல்லோர் கண்முன்னும் வெளிச்சமாக நடக்கிறது.

முதலில் ஒரு விளக்கம். அவர்கள் உதைபந்தாட்டம் என்று சொல்வது நாம் காலால் ஆடும் ஆட்டமன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பது அது. றகர் ஆட்டத்துக்கே நெருங்கிய உறவு. ஒரே சமயத்தில் மைதானத்தில் நிற்பவர் பதினொருவர். அவர்களுள் குவாட்டர்பாக் எனப்படுபவனே பந்தை முதலில் வாங்கி, யாருக்கு எறிவது, எப்போது ஓடுவது என்று கண நேரத்தில் முடிவு செய்பவன். அவன் தடுமாறினால் மற்றப் பத்துப் பேரும் தடுமாறுவார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்திலே ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அமர்ந்து பார்க்கிறார்கள் என்றால், பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனின் தடுமாற்றம் எத்தனை கண்களுக்கு விருந்தாகிறது என்பதை எண்ணிப்பாருங்கள்.

பொறுமை அங்கே விலை கூடிய சரக்கு. அமெரிக்கரின் தொழில்முறை பேஸ்போல் குழுவுக்கு ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். ஒருவன் ஒரு மாதம் சோர்ந்திருந்தாலும் மீள நாளுண்டு. கல்லூரி உதைபந்தாட்டத்துக்கோ வழக்கமான பருவத்தில் 12 ஆட்டங்களே. 2014 முதல் 2023 வரை இறுதிச் சுற்றுக்கு நான்கு குழுக்களையே தெரிந்தெடுத்தார்கள். இரண்டு ஆட்டங்களில் தோற்ற குழு ஒன்றேனும் அந்த நால்வருள் இடம்பெறவில்லை. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டே பயிற்றுவிப்பாளரின் அவசரத்தை நாம் எடைபோட வேண்டும்.

2018ஆம் ஆண்டு ஜனவரி 8ஆந் திகதி அற்லாண்டா நகரில் அலபாமாவுக்கும் ஜோர்ஜியாவுக்கும் தேசிய இறுதியாட்டம் நடந்தது. அலபாமாவின் குவாட்டர்பாக் ஜேலன் ஹேர்ட்ஸ். இரண்டு பருவங்களாக அவன் முதல்வனாக இறங்கிய ஆட்டங்களுள் தோற்றவை இரண்டே. அன்றோ முதற்பாதியில் எட்டு எறிகளில் மூன்றே கைகூடின. கிடைத்தது 21 யார். 13க்குப் பூச்சியம் என்று ஜோர்ஜியா முன்னின்றது. இடைவேளையிலே பயிற்றுவிப்பாளர் நிக் சேபன் ஹேர்ட்ஸை நிறுத்திவிட்டு, முதலாம் ஆண்டு மாணவன் டுவா டகோவைலோவாவை இறக்கினார். மேலதிக நேரம் வரை சென்ற அந்த ஆட்டத்தில், 41 யார் தூரம் எறிந்த ஒரே எறியினால் அலபாமா 26க்கு 23 என்று வென்றது.

அந்த முடிவு சரியா? சரியே என்பது நமது அபிப்பிராயம். வென்றதனால் அவ்வாறு சொல்லவில்லை. தோற்றிருந்தாலும் அதையே சொல்லியிருப்போம். ஒருவன்மீதுள்ள அன்பினால் அவனையே ஆடவிட்டு, ஆண்டு முழுவதும் பயிற்சி செய்து காத்திருக்கும் இன்னொருவனுக்கும், கூட நிற்கும் பத்துப் பேருக்கும் அநீதி செய்ய எந்தப் பயிற்றுவிப்பாளருக்கும் உரிமையில்லை. மைதானத்தில் நிற்கும் இடம் யாருக்கும் முதுசமல்ல.

ஆனால் கதை அன்றிரவோடு முடியவில்லை; நாம் கவனிக்க வேண்டியது அதன் பிறகு நடந்ததையே. இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட ஹேர்ட்ஸ் அந்தப் பல்கலைக்கழகத்தை விட்டுப் போகவில்லை. அவர்களும் அவனைப் போகச் சொல்லவில்லை. பயிற்சி தொடர்ந்தது; படிப்பும் தொடர்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் முதலாந் திகதி, அதே அற்லாண்டாவில், அதே ஜோர்ஜியாவுக்கு எதிராக டகோவைலோவா காயமடைந்து வெளியேறியபோது அலபாமா 28க்கு 21 என்று பின்தங்கி நின்றது. ஹேர்ட்ஸ் இறங்கினான். ஒரு எறியினாற் சமன் செய்தான். பின்னர் தானே பந்தை ஏந்தி ஓடி 35க்கு 28 என்று வெற்றியையும் வாங்கிக் கொடுத்தான். அம்மாதமே பட்டமும் பெற்றான். அடுத்த ஆண்டு ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குச் சென்று ஆடினான். 2025 பெப்ரவரியில் பிலடெல்பியாவின் தொழில்முறைக் குழுவுக்கு சூப்பர் போல் வெற்றியைத் தேடித்தந்து, அந்த ஆட்டத்தின் சிறந்த வீரன் என்ற கௌரவத்தையும் பெற்றான்.

இங்கே இரண்டு காரியங்கள் ஒரே பெயரால் வழங்கிக் குழப்பம் தருவதைக் காண்கிறோம். ஆட்டத்திலிருந்து நிறுத்துவது ஒன்று. ஆளைக் கைவிடுவது வேறொன்று. முன்னதற்கு இடைவேளைப் பொழுது போதும். பின்னதற்கு நான்காண்டுக் கணக்குப் பார்க்க வேண்டும்.

நிறுத்துவதும் எப்போதும் கைகொடுப்பதில்லை. 2013 நவம்பர் 30இல் அதே சேபன், ஓபேர்ன் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில், கம்பங்களுக்கிடையே பந்தை உதைக்கும் மாணவன் கேட் பொஸ்டரின் மூன்று முயற்சிகள் பிழைத்துப் போனமையால், கடைசி நொடியிலே 57 யார் தூரத்திலிருந்து உதைக்க வேறொரு மாணவனை அனுப்பினார். பந்து எட்டவில்லை. அதை எல்லையிலே பிடித்த ஓபேர்ன் வீரன் மைதானத்தின் முழு நீளமும் ஓடிச்சென்று 34க்கு 28 என்று ஆட்டத்தை முடித்துவைத்தான். பொஸ்டருக்கு அன்றிரவு கொலைப் பயமுறுத்தல்கள் வந்தன. முன்னாள் ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் தம் கைப்பட அவனுக்கு ஆறுதற் கடிதம் எழுதினார். பார்வையாளர்களாகிய நம்முடைய பங்கும் இவ்விஷயத்தில் உண்டென்பதை மறக்கவேண்டாம். பயிற்றுவிப்பாளர் கைவிடுமுன்பே கூட்டம் கைவிட்டுவிடுகிறது.

இனி, வைத்திருப்பது என்றால் என்ன? வெறுமனே வாங்கில் இருத்திவைப்பதா? நாம் மிஷன் பாடசாலையிற் கேட்ட கதையொன்றிலே, காய்க்காத அத்திமரத்தைத் தறித்துவிடச் சொன்ன எசமானிடம் தோட்டக்காரன் இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறான். அவன் தவணையை மட்டும் கேட்கவில்லை, சுற்றிக் கொத்தி எருவிடுவேன் என்றுஞ் சொல்கிறான். ஜோ பரோ என்ற மாணவன் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு இருந்தும் முதல்வனாக ஆட இடங்கிடைக்காமல், பட்டம் பெற்றபின் 2018இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்தான். அந்த ஆண்டு அவன் எறிந்தவற்றில் நூற்றுக்கு 58 அளவிலேயே கைகூடின. அதைப் பார்த்து அவனை மாற்றியிருந்தால் யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். அங்குள்ளோர் அவனை மாற்றாமல் ஆட்ட முறையை மாற்றினார்கள். எறிதலைப் புதிய வகையில் வகுத்துக் கொடுக்கப் புதிய உதவிப் பயிற்றுவிப்பாளர் ஒருவரை அழைத்துவந்தார்கள். 2019இல் அந்த வீதம் 76 ஆயிற்று. ஆடிய பதினைந்து ஆட்டங்களிலும் வெற்றி. எல்லைக்குள் சேர்ந்த எறிகள் 60. தடுமாற்றம் வீரனிடத்திலா, கற்பிக்கும் முறையிலா என்று முதலிற் பார்ப்பது பயிற்றுவிப்பாளரின் கடமை. அதைப் பாராமல் ஆளை மாற்றுபவர் தம் குறையை மாணவன் தலையிற் சுமத்துகிறார்.

2024 நவம்பர் 30இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் மிச்சிகனிடம் 13க்கு 10 என்று தோற்றபோது குவாட்டர்பாக் வில் ஹவர்ட் எறிந்த பந்துகளில் இரண்டை எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள். பயிற்றுவிப்பாளர் றயன் டே அவனையே வைத்திருந்தார். அந்த ஆண்டுதான் இறுதிச் சுற்றை 12 குழுக்களுக்கு விரித்திருந்தார்கள். ஆகையால் இரண்டு தோல்விக்குப் பின்னும் அக்குழுவுக்கு இடங்கிடைத்தது. நான்கு ஆட்டங்களை அடுத்தடுத்து வென்று, 2025 ஜனவரி 20இல் நோட்டர் டேமை 34க்கு 23 என்று தோற்கடித்தது. அன்று ஹவர்டின் முதல் 13 எறிகளும் கைகூடின. விதி சற்று விரிந்ததனால் பொறுமைக்கும் சற்று இடம் விரிந்தது என்று நாம் சொல்லலாம்.

வெற்றிக் கதைகளை இம்மட்டோடு நிறுத்துவோம். தடுமாறுபவர் எல்லோரும் பரோ ஆவதில்லை. பெரும்பாலோர் ஒருபோதும் முதல்வராக ஆடாமலே படித்து முடிப்பவர்கள். அவர்களிற் பலர் ஆட்டத்துக்காகக் கொடுக்கப்பட்ட புலமைப்பரிசிலாலேயே பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்கள். 1973இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அந்தப் பரிசிலை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒன்றாக்கியது. அதன் பொருள் யாது? ஆட்டம் பிடிக்கவில்லையென்றால் அடுத்த ஆண்டு படிப்புச் செலவை நிறுத்திவிடப் பயிற்றுவிப்பாளருக்கு வழியுண்டு என்பதே. 2012இல் பல ஆண்டுப் பரிசில் கொடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். ஆட்டத் திறமைக் குறைவுக்காகப் பரிசிலைப் பறிக்கக்கூடாது என்று பெரிய பல்கலைக்கழகங்கள் அறுபத்தைந்து சேர்ந்த ஐந்து கூட்டணிகள் விதி செய்ததோ 2015 ஜனவரியிலேதான். நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு மாணவனின் பட்டம் அவன் எறிந்த பந்தின் போக்கிலே தொங்கியிருந்தது!

இதன் பக்கத்திலே இன்னொரு கணக்கை வைத்துப் பாருங்கள். 2023 நவம்பரில் ரெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம் தன் பயிற்றுவிப்பாளர் ஜிம்போ பிஷரை விலக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்கவேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டொலருக்கு மேல். தடுமாறிய பயிற்றுவிப்பாளருக்கு இவ்வளவு காப்பு இருக்கையில், தடுமாறும் மாணவனுக்கு ஓராண்டுத் தவணை அதிகம் என்று வாதிப்பவர்களின் நாணயத்தை நாம் சந்தேகிக்கிறோம்.

கைவிடுதல் ஒருபக்கத்து விஷயமல்ல என்று இன்று சிலர் மறுமொழி சொல்வார்கள். அதிலும் உண்மை உண்டு. முன்னர், படிப்பை முடிக்காமல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் வீரன் ஓராண்டு ஆடாமல் இருக்க வேண்டும். 2021இல் அத்தடை ஒருமுறைக்கு நீங்கியது. 2024இல், படிப்பில் குறையில்லாதவன் எத்தனை தரமும் மாறலாம் என்றாயிற்று. 2021 ஜூலை முதலாந் திகதியிலிருந்து தன் பெயரால் பணஞ் சம்பாதிக்கவும் அவனுக்கு உரிமையுண்டு. நிறுத்தப்பட்டவன் மறுவாரமே மூட்டை கட்டலாம். 2018 செப்டெம்பரில், நான்கு ஆட்டங்களுக்குப் பின் முதலிடத்தை இழந்த கிளெம்சன் வீரன் கெலி பிறையன்ட் அவ்வாறு புறப்பட்டான். அவனைக் குறைகூற நமக்கு மனமில்லை. அவனுக்குச் செய்தியை மறைக்காமல் நேரே சொன்ன பயிற்றுவிப்பாளரையும் குறைகூற மாட்டோம். எனினும் ஹேர்ட்ஸின் டிசம்பர் மாதம் போன்ற ஒன்று இனி அருமையாகவே வாய்க்கும்.

2025 ஜூன் 6இல் நீதிமன்றம் அங்கீகரித்த உடன்பாட்டின்படி பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணங் கொடுக்கலாம். அதற்கு உடன்பட்ட பல்கலைக்கழகங்களின் உதைபந்தாட்டக் குழுவில் 105 பேருக்கு மேல் இருக்கலாகாது. அங்கீகாரம் வருமுன்பே பல பயிற்றுவிப்பாளர்கள் பட்டியலின் அடியிலிருந்த மாணவரை விலக்கத் தொடங்கிவிட்டார்கள். பரிசில் எதுவுமின்றித் தம் செலவிலே படித்து, பயிற்சியில் அடிபடுவதற்கென்றே நின்றவர்கள் அவர்களுட் பலர். நீதிபதி குளோடியா வில்கன் அதைக் கண்டு, இவர்களுக்கு ஏதேனும் வழி செய்யாமல் உடன்பாட்டை ஏற்கமாட்டேன் என்று நிறுத்திவைத்தார். பின்னர் எழுதிய திருத்தப்படி, அவ்வாறு விலக்கப்பட்டவர்களை 105 என்ற கணக்கிற் சேர்க்காமலே திரும்ப எடுக்கலாம். எடுத்தே ஆகவேண்டும் என்று திருத்தம் கட்டாயப்படுத்தவில்லை. யாரைத் திரும்ப அழைப்பது, யாரை அழையாது விடுவது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறார்கள்.