தசைநோயில் விழி சொல்லும் செய்தி
(குளுவாங்கில் நிகழ்த்திய உரை)



நான் மருத்துவர் அல்லன். தோட்டத்து டிரெசராகத் தொடங்கி, அரசாங்க மருத்துவமனையில் ஓய்வு பெற்றவன். நமக்குப் பயன்படும் ஒரு செய்தியை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

தசைச் சிதைவு என்பது ஒரே நோய் அன்று. மரபணுக் குறையால் தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் பல நோய்களின் பொதுப் பெயர். பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது டுஷென் வகை. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் இல்லாமையே காரணம் என்பது 1987-இல் கண்டறியப்பட்டது. பையன் அடிக்கடி விழுவான். தொடையில் கை ஊன்றி எழுவான். சில ஆண்டுகளில் சக்கர நாற்காலி தேவைப்படும். பிறகு மூச்சும் இதயமும் தளரும். ஆனால் விழிகளை அசைக்கும் தசைகள், ஒரு கண்ணுக்கு ஆறு வீதம், பெரிதும் தப்பிவிடுகின்றன.

ஆகவே தசைநோயாளியின் இமை சரிந்தால், விழி அசையாவிட்டால், மருத்துவர் வேறு நோயைத் தேடுவார். தலையை அசைக்காமல் தம் விரலைக் கண்ணால் தொடரச் சொல்வார். இரண்டிரண்டாகத் தெரிகிறதா என்று கேட்பார். ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொல்லி, இமை இறங்குகிறதா என்று கவனிப்பார். செலவில்லாத சோதனைதான், சொல்லும் செய்தியோ பெரிது.

நாற்பது வயதுக்குப் பின் இரு இமைகளும் சரிந்து, உணவு விழுங்கவும் சிரமப்பட்டால், அது கண்ணையும் தொண்டையையும் தாக்கும் பரம்பரைத் தசைச் சிதைவாக இருக்கலாம். இதன் மரபணு 1998-இல் தெரியவந்தது. பிடித்த கையை உடனே விட இயலாமை, இளவயதில் கண்புரை, இமைத் தொய்வு இவை சேர்ந்தால் மயோடோனிக் வகையை நினைக்க வேண்டும். இந்நோயாளிகள் அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

காலையில் நன்றாக இருந்து மாலையில் இமை சரிந்தால், அது மயஸ்தீனியா என்னும் வேறு நோயாக இருக்கலாம். இமைமேல் இரண்டு நிமிடம் பனிக்கட்டிப் பொதியை வைத்தால் இமை உயர்வதும் ஓர் அடையாளம். இதற்கு மருந்து உண்டு. 1934-இலேயே லண்டனில் டாக்டர் மேரி வாக்கர் மருந்தால் இதைக் கட்டுப்படுத்திக் காட்டினார்.

எனவே பெரியோர்களே, "வயசாயிடுச்சு, இமை தொங்குது" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கிளினிக்கில் காட்டி, மேல்பரிசோதனைக்கு எழுதித் தரும்படி கேளுங்கள். திடீரென்று இமை விழுந்தாலோ, இரண்டாகத் தெரிந்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

தமிழ்நாட்டின் ஆய்க்குடியில் 1981-இல் தோன்றிய அமர் சேவா சங்கத்தை நடத்துவோரில் ஒருவரான திரு. சங்கர ராமன், தசைச் சிதைவுடன் வாழும் கணக்காய்வாளர். உடல் தளர்ந்தாலும் அறிவும் தொண்டும் தளர வேண்டியதில்லை என்பதற்கு அவரே சான்று.

அன்பர்களே, நீங்கள் தரும் வெள்ளி ஒரு நோயாளியின் வண்டிக் கூலியாகட்டும். ஒரு சக்கர நாற்காலியாகட்டும். அந்த நாற்காலியில் இருக்கும் பையனைக் காணும்போது, "சாப்பிட்டானா?" என்று தாயிடம் கேட்காதீர்கள். அவன் கண்ணைப் பார்த்து, "சாப்பிட்டாயா, தம்பி?" என்று அவனிடமே கேளுங்கள். அவன் விழி உங்களை நோக்கித் திரும்பும்.