அந்தி வெளிச்சத்தில் குடும்பப் படம்



விடுமுறை நாட்களில் நம் தோட்டத்துக் குடும்பங்கள் நாலைந்து வீடாகச் சேர்ந்து வேன் பிடித்துக் கடற்கரைக்குப் போய் வருவது வழக்கம். பந்திங் பக்கம் இருப்பவர்கள் மோரிப்புக்குப் போவார்கள். கிள்ளான், மேரு, காப்பார் பக்கம் இருப்பவர்களுக்குப் போர்ட் கிள்ளானில் இருக்கும் தஞ்சோங் ஹராப்பான் பக்கம். பொழுதெல்லாம் சாப்பாடும் விளையாட்டுமாகப் போய், சூரியன் இறங்குகிற நேரத்தில்தான் யாராவது ஒருவருக்கு நினைவு வரும். "எல்லாரும் வாங்க, ஒரு படம் எடுத்துக்குவோம்" என்று குரல் கொடுப்பார். உடனே எல்லாரும் ஓடிவந்து, கடலுக்கும் சூரியனுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் வானம் செக்கச் செவேலென்று அழகாக விழுந்திருக்கும். மனிதர்கள் மட்டும் கரிக்கட்டை போல நிற்பார்கள். எது மாமா, எது சித்தப்பா என்று தொப்பையின் அளவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இது ஏன் நேர்கிறது, எப்படித் தவிர்ப்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

இதில் என்ன பெரிய நட்டம் வந்துவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தும் எங்களுக்கு இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. 'என் குடும்பம்' என்று ஒரு பாடம் வரும். தாத்தா பாட்டியின் படம் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வோம். பல பிள்ளைகள் கொண்டுவருவது அடையாளக் கார்டில் இருந்து பெரிதாக்கிய படமாகத்தான் இருக்கும். 1948-ஆம் ஆண்டு அவசரகாலத்தின்போது இந்த நாட்டில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பதிந்து, முகப்படமும் பெருவிரல் ரேகையும் வைத்து அடையாளக் கார்டு கொடுத்தார்கள். நம் முன்னோர்களில் எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் முதன்முதலாகப் படம் எடுத்தது அந்தக் கார்டுக்காகத்தான். சிலருக்கு அதுவே கடைசிப் படமும் ஆயிற்று. சாவு வீட்டில் மாலை போட ஒரு படம் வேண்டுமென்று கார்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடிய குடும்பங்கள் உண்டு. அந்தப் படத்தில் தாத்தா தனியாக, பயந்த முகத்தோடு இருப்பார். பக்கத்தில் பாட்டி இல்லை, பிள்ளைகள் இல்லை.

போர்ட் கிள்ளான் கரையில் நின்று படம் எடுக்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1901-இல் திறக்கப்பட்டு, 1972 வரை போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று பெயர் பெற்றிருந்த துறைமுகம் இது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றி, பினாங்கு வழியாக இங்கே வந்து, சிங்கப்பூருக்குப் போகும் ரஜுலா கப்பலைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. அதில் வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோரின் வீடுகளில் அந்த நாளைக் காட்டும் படம் ஒன்றும் இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அதே கடலோரத்தில், ஆளுக்கு ஒரு கைப்பேசி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அதிலும் முகம் தெரியாமல் போனால் அது நட்டம்தானே?

இனி, முகம் ஏன் கறுத்துப் போகிறது என்று பார்ப்போம். நம் கண் மிகவும் கெட்டிக்காரக் கருவி. பளிச்சென்ற வானத்தையும் பார்க்கும், அதற்கு முன்னால் நிற்கும் தங்கையின் முகத்தையும் பார்க்கும். கேமராவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. தனக்கு முன்னால் உள்ள வெளிச்சம் முழுவதையும் சேர்த்து அளந்து, சராசரியாக ஓர் அளவை வைத்துக்கொள்ளும். பின்னால் வானம் தகதகவென்று எரிந்தால், "அதிக வெளிச்சம் இருக்கிறது, குறைக்க வேண்டும்" என்று அது முடிவு செய்துவிடும். குறைத்த பிறகு வானம் சரியாக விழும். முகத்துக்கு மிஞ்சுவது இருட்டுதான். புதிய கைப்பேசிகள் இதைச் சரிக்கட்டப் பல வித்தைகள் செய்கின்றன என்றாலும், சூரியன் நேர் பின்னால் இருந்தால் அவையும் தடுமாறும்.

இந்த இடத்தில் சற்று நின்று ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பள்ளியில் குழுப்படம் எடுக்கும்போது, "நான் கறுப்பு டீச்சர், படத்துல நல்லா விழ மாட்டேன், ஓரமா நிக்கிறேன்" என்று ஒதுங்கும் பெண் பிள்ளைகளை ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். பிள்ளைகளே, குறை உங்கள் தோலில் இல்லை. வண்ணப் பிலிம் வந்த காலத்தில், படம் கழுவும் கூடங்களுக்கு நிறம் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டை அனுப்பி வந்தது. அந்த அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ஷெர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். அவள் நிறம் சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். கறுத்த முகங்கள் மங்கிப் போவதைப் பற்றிப் பல காலம் அக்கறை காட்டவில்லை. பிறகு மரச்சாமான் செய்பவர்களும் சாக்லேட் செய்பவர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று முறையிட்ட பின்னரே பிலிமைத் திருத்தும் வேலை சூடு பிடித்தது என்று அந்த நிறுவனத்தில் வேலை செய்தவர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். நாற்காலிக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்! ஆகவே கறுத்த பிள்ளையை ஓரத்துக்கு அனுப்பாதீர்கள். அவளுக்கு வெளிச்சம் கொடுங்கள், அது போதும். பளீர் வெள்ளைச் சட்டைக்காரரின் பக்கத்தில் அவளை நிறுத்தாமல் இருந்தால் இன்னும் நல்லது. கேமரா அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் வெளிச்சத்தைக் குறைக்கும்.

அந்தி வெளிச்சம் முகத்துக்கு மிகவும் நல்லது. உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே குழி விழுந்தாற்போல் நிழல் விழும்; எல்லாரும் கண்ணைச் சுருக்குவார்கள். மாலையில் சூரியன் தாழ்ந்து வரும்போது அதன் ஒளி காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் பயணம் செய்கிறது. வழியில் நீல ஒளி சிதறிப் போக, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சி நம்மிடம் வந்து சேர்கின்றன. இந்தச் சிதறலை 1871-இல் கணக்குப் போட்டு விளக்கியவர் ராலே என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. நம் சர் சி. வி. ராமன் 1921-இல் கப்பலில் ஊர் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து எழுந்த கேள்வியில்தான் தம் ஆராய்ச்சியைத் தொடங்கி, 1930-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் நம் கிள்ளான் ஆறு வந்து கலக்கும் இந்தத் தேநீர் நிறக் கடலைப் பார்த்திருந்தால் என்ன கேள்வி கேட்டிருப்பாரோ, தெரியவில்லை.

ஆனால் இந்த நல்ல வெளிச்சம் நமக்காகக் காத்திருக்காது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேர் செங்குத்தாக இறங்குகிறது. மறைந்து சுமார் 20 நிமிடத்தில் நன்றாக இருட்டிவிடும். லண்டனில் ஜூன் மாதத்தில் இதற்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். இங்கே சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் 7 மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில்தான். பெரியவர்கள், "அந்தக் காலத்தில் ஆறரை, ஆறே முக்காலுக்கே பொழுது சாயும்" என்று சொன்னால் அது கற்பனை அல்ல. 1982 ஜனவரி முதல் தேதி நம் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள், சூரியன் மாறவில்லை. கடிகாரம் இல்லாவிட்டாலும் விரல் இருக்கிறது. கையை நேராக நீட்டி, கடலின் விளிம்புக்கும் சூரியனுக்கும் நடுவே விரல்களைப் படுக்கையாக வைத்துப் பாருங்கள். ஒரு விரல் கனத்துக்கு ஏறத்தாழ எட்டு நிமிடம். நாலு விரல் இருக்கும்போதே பிள்ளைகளைத் தண்ணீரில் இருந்து கூப்பிட்டு, தலையைத் துவட்டி, பவுடர் போடத் தொடங்கிவிட வேண்டும். இரண்டு விரல் இருக்கும்போது படம் எடுக்கலாம்.

எப்படி நிறுத்துவது? சூரியன் முகத்தில் படும்படி நிறுத்துங்கள். அப்போது பின்னால் கடல் வராதே என்பீர்கள். அதற்கும் வழி உண்டு. குடும்பத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, ஒரு தோளின் பக்கமாகச் சூரியன் இருக்கும்படி நிறுத்தினால், கரையோரமாக நீளும் கடலும் பின்னால் வரும். தஞ்சோங் ஹராப்பானாக இருந்தால் ஒரு கப்பலும் கிடைக்கலாம். முகத்திலும் பாதிக்கு மேல் பொன் வெளிச்சம் விழும். எங்களுக்கு மிகவும் பிடித்தது இந்த வகைதான்.

சூரியன் மறைந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று வேனில் ஏறிவிடாதீர்கள். மறைந்த பிறகு ஐந்து, பத்து நிமிடத்துக்கு மேற்கு வானம் பெரிய வெள்ளைத் துணி விரித்தாற்போல மென்மையான வெளிச்சம் தரும். அந்த நேரத்தில் முகங்களை மேற்கே திருப்பி நிறுத்தினால், சுருக்கம் விழுந்த முகமும் குழந்தை முகமும் ஒன்றுபோல் தெளிவாக விழும். வானம் துப்புரவாக இருந்தால் அப்போது கிழக்கே பார்க்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அடிவானத்தில் கருநீலமாக ஒரு பட்டை எழும்பும். அதற்கு மேல் இளஞ்சிவப்பு. அந்தக் கருநீலம் மேகமல்ல, நாம் நிற்கும் இந்தப் பூமியின் நிழல்தான். படத்தில் அது உங்கள் பின்னால் வரும்.

"இல்லை, சிவந்த சூரியன் பின்னால் இருந்தே ஆக வேண்டும்" என்று அடம் பிடிப்பவர்கள் பிளாஷ் போட வேண்டும். கைப்பேசியின் பிளாஷ் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் எட்டாது. எனவே இரண்டு மூன்று பேரை அருகில் நிறுத்தி எடுக்கலாமே தவிர, பதினைந்து பேர் குடும்பத்துக்கு அது உதவாது. வீட்டில் இருக்கும் கைப்பேசி எதுவானாலும், திரையில் பாட்டியின் முகத்தின் மேல் விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். பெரும்பாலானவற்றில் பக்கத்தில் குட்டிச் சூரியன் போல ஒரு குறி தோன்றும். அதை மேலே நகர்த்தினால் முகம் வெளுக்கும். அதற்கு முன்னால் கண்ணாடியை வேட்டித் தலைப்பால் துடைத்துவிடுங்கள். உப்புக் காற்றும் வடை எண்ணெயும் பட்ட கண்ணாடியில் படம் பனி மூட்டமாகத்தான் விழும். முகத்தைத் தானாகவே வெளுப்பாக்கி வழவழப்பாக்கும் அலங்காரம் ஒன்று சில கைப்பேசிகளில் இருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். பால்மரம் வெட்டிய அம்மாவின் முகத்தில் வெயில் போட்ட கோடுகளையும் நெற்றியில் குத்திய பச்சையையும் அழித்துவிட்டு யாருடைய படத்தை வீட்டில் மாட்டப் போகிறோம்?

பெரியவர்களை நடுவில், நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். சிலர் வர மறுப்பார்கள். "படம் புடிச்சா ஆயுசு கொறையும்" என்பார்கள், "வெளக்கு வைக்கிற நேரத்துல கடக்கரையில என்னடா வேலை?" என்றும் கேட்பார்கள். அவர்களோடு வாதம் செய்ய வேண்டாம். "பேரன் கேக்குறான், பாட்டி" என்று பேரனை அனுப்பினால் வந்துவிடுவார்கள். இருட்டத் தொடங்கிவிட்டால் கேமரா சற்று அதிக நேரம் கண் திறந்து வைத்திருக்கும். அப்போது கை நடுங்கினாலும் பிள்ளை துள்ளினாலும் படம் கலங்கிப் போகும். அதனால் கைப்பேசியைக் கரைச்சுவரிலோ டிபன் கேரியர் மேலோ சாய்த்து வைத்து, பத்து விநாடி கழித்துத் தானாக எடுக்கும்படி செய்துவிட்டு, எடுப்பவரும் ஓடிப்போய் வரிசையில் நிற்க வேண்டும். பல குடும்பங்களில் படம் எடுக்கத் தெரிந்த அண்ணனோ, சாமான் எடுத்து வைக்கப் போன அம்மாவோ எந்தப் படத்திலும் இருப்பதில்லை. 36 படத்தோடு பிலிம் முடிந்துபோன காலத்தில் ஒன்றோ இரண்டோதான் எடுப்போம். இப்போது அந்தக் கவலை இல்லை. பத்துப் பேர் நின்றால் ஒருவராவது கண்ணை மூடியிருப்பார். ஆறேழு முறை எடுங்கள்.

இன்னொரு முக்கியமான சங்கதி. போர்ட் கிள்ளான் கரை பெரும்பாலும் சேறும் சதுப்புநிலக் காடும்தான். மோரிப்பிலும் தண்ணீர் வற்றினால் நெடுந்தூரம் சேறு தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே நீர் ஏற்ற இறக்கம் நாலு மீட்டர் அளவுக்கு இருக்கும். படத்துக்காகச் சுவரைத் தாண்டிப் பாறையில் இறங்கி நிற்க வேண்டாம். "இன்னும் கொஞ்சம் பின்னால போங்க" என்று சொல்பவர், பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

எடுத்த படத்தில் நல்லதாக ஒன்றைக் கடையில் கொடுத்துக் காகிதத்தில் போட்டு வையுங்கள். கைப்பேசி தண்ணீரில் விழும், தொலையும், பழையதாகிப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானாகும். படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போடும்போது, படமும் கண்ணாடியும் ஒட்டாமல் நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. ஒரு தனித்தாளில் இடது கோடியில் இருந்து யார் யார், எந்தத் தோட்டம், எந்தத் தேதி என்று எழுதிப் பின்னால் செருகிவிடுங்கள். 'பாட்டி' என்று மட்டும் எழுதினால் யாருடைய பாட்டி என்று பிறகு தெரியாது. அவருடைய பெயரை எழுத வேண்டும், அவருடைய தகப்பனார் பெயரையும் எழுத வேண்டும். தெரியாவிட்டால், வேனில் திரும்பி வரும்போதே கேட்டு எழுதிக்கொள்ளலாம். அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து வருவாரே.