ஒரு சாண் சக்திமான்

(குடியரசு தினத்தன்று நம் சங்கக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மேசையில் ஐந்து வண்டிகள் வைத்திருக்கிறேன். பார்த்ததும் குழந்தைகள் கேட்ட முதல் கேள்வி, "தாத்தா, டாங்கி எங்கே?" என்பதுதான். டாங்கி இல்லைங்க. அணிவகுப்பில் கைதட்டல் வாங்குவது டாங்கியும் ஏவுகணையும். ஆனால் டாங்கிக்கு டீசல், பீரங்கிக்குக் குண்டு, சிப்பாய்க்குக் கோதுமை மாவு, தண்ணீர், வீட்டிலிருந்து வந்த கடிதம், இத்தனையையும் கொண்டுபோய்ச் சேர்ப்பவை துணை வண்டிகள். நான் செய்து வைத்திருப்பவை அவற்றின் சிறு மாதிரிகள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நூல் மில்லில் தொடங்கி நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், பவர் டேபிள், பேக்கிங் என்று ஒரு பனியன் எத்தனை வண்டி ஏறி இறங்குகிறது! நடுவில் ஒன்று நின்றுபோனால் தூத்துக்குடியில் கப்பல் நமக்காகக் காத்திருக்காது. போர்க்களத்திலும் அதே கணக்குதான்.

முதல் வண்டி, அமெரிக்காவின் ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரி. 1944-ல் நேசப்படைகள் பிரான்சுக்குள் வேகமாக முன்னேறியபோது, ரயில் பாதைகள் குண்டுவீச்சில் சிதைந்து கிடந்தன. ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் இரவு பகலாக லாரிகள் ஓடின. உச்ச கட்டத்தில் ஏறத்தாழ 6,000 வண்டிகள், ஒரு நாளைக்கு 12,000 டன்னுக்கு மேல் சரக்கு. ஓட்டியவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் கறுப்பின வீரர்கள். இந்த லாரிக்கு ஜப்பானின் டாமியா கம்பெனி பிளாஸ்டிக் கிட் போட்டிருக்கிறது. வாங்கி ஒட்டிவிடலாம்.

இரண்டாவது, நம்முடைய சக்திமான். சுதந்திரத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் நம் ராணுவம் இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய வண்டிகளை ஓட்டிக்கொண்டிருந்தது. வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில், ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்திடம் உரிமம் பெற்று, 1959-ல் ஜபல்பூரில் சக்திமான் தயாரிப்பு தொடங்கியது. 1965, 1971 போர்களின்போதும் ராணுவத்தில் ஓடியது. முப்பது வருடங்களுக்கு மேல் தயாரிப்பில் இருந்த வண்டி இது.

மூன்றாவது, ஜோங்கா. ஜப்பானின் நிசான் பேட்ரோல் வண்டியை ஒட்டி அதே ஜபல்பூரில் தயாரானது. 'ஜபல்பூர் ஆர்டினன்ஸ் அண்டு கன் கேரேஜ் அசெம்பிளி' என்ற நீளமான பெயரின் சுருக்கம்தான் ஜோங்கா.

நான்காவது, நம் மாநிலத்துப் பிள்ளை, அசோக் லேலண்ட் ஸ்டாலியன். 1948-ல் ரகுநந்தன் சரண் தன் மகன் அசோக்கின் பெயரில் தொடங்கிய கம்பெனி, எண்ணூரில் வேரூன்றி வளர்ந்தது. 1990-களில் சக்திமானின் இடத்துக்கு வந்த வண்டிகளில் ஸ்டாலியன் முக்கியமானது.

ஐந்தாவதைப் பார்த்தால் டாங்கி போலிருக்கும். பீரங்கிக்குழாய் மட்டும் இருக்காது. இதன் பெயர் கார்த்திக். ஆவடியில் 1965 முதல் தயாரான விஜயந்தா டாங்கியின் அடிச்சட்டத்தில், மடக்குப் பாலத்தை ஏற்றியிருக்கிறார்கள். வழியில் கால்வாய் குறுக்கிட்டால் இது பாலத்தை விரித்துப் போடும், மற்ற வண்டிகள் அதன் மேல் ஏறிப் போகும்.

இனி செய்முறைக்கு வருகிறேன். நான் எடுத்துக்கொண்ட அளவு 1:35. நிஜத்தில் ஏழு மீட்டர் நீளமுள்ள லாரி மாதிரியில் 20 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண். ஏன் முப்பத்தைந்து? 1960-களின் தொடக்கத்தில் டாமியா தன் பாந்தர் டாங்கி மாதிரிக்குள் மோட்டாரையும் பேட்டரியையும் அடக்குவதற்கு வசதியாக வைத்த அளவு இது. பிறகு உலகமே அதைப் பிடித்துக்கொண்டது.

நான் தேடிய கடைகளில் சக்திமான் கிட் கிடைக்கவில்லை. அதனால் பனியன் பெட்டி அட்டையில் வெட்டிச் செய்தேன். அளவுக்குப் பழைய போட்டோதான் துணை. பக்கத்தில் நிற்பவரின் உயரம் 170 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மாதிரியில் அவர் 4.9 சென்டிமீட்டர் இருப்பார். அதை வைத்துக் கதவு, சக்கரம் எல்லாவற்றையும் கணக்கிடலாம். மேல்கூரைக்குப் பனியன் துணி சரிப்படாது, இழுபடும். காடா துணியை ஃபெவிகால் தண்ணீரில் நனைத்துப் போர்த்தினால் தார்ப்பாய் மாதிரியே விறைப்பாக நிற்கும்.

வண்டி செய்வதோடு வேலை முடிவதில்லை. அது எந்த வருடத்து வண்டி, எங்கே ஓடியது என்று தெரிந்தால்தான் நம்பர் பிளேட் எழுத முடியும். ராணுவ வண்டி எண்ணில் முதலில் மேல்நோக்கிய அம்புக்குறி, அடுத்த இரண்டு இலக்கங்கள் வண்டி வாங்கிய வருடம். ஸ்டாலியனில் 71 என்று எழுதினால், அந்த வண்டி பிறப்பதற்கு முன்பே ராணுவத்தில் சேர்ந்ததாக ஆகிவிடும்! வங்கியில் தேதி தவறிய வவுச்சரை நாங்கள் திருப்பி அனுப்புவோமே, அதே மாதிரிதான் இதுவும்.

இங்கேதான் எனக்கு உங்கள் உதவி தேவை. டாங்கிகளுக்கு மகாராஷ்டிரத்தின் அகில்யாநகரில் (பழைய அகமதுநகர்) தனி அருங்காட்சியகமே இருக்கிறது. ஊரூராக டாங்கிகளை மேடை கட்டி நிறுத்தியும் வைத்திருக்கிறார்கள். லாரிகளுக்கு அந்த மரியாதை அபூர்வம். வயதானதும் ஏலத்துக்குப் போகின்றன, பிறகு பழைய இரும்பாகின்றன. 1971-ல் இருபது வயதில் சக்திமான் ஓட்டியவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. எந்த மலைப்பாதையில் எந்த கியரில் ஏறினார், பனியில் இன்ஜினை எப்படி ஸ்டார்ட் செய்தார் என்பதெல்லாம் அவர் மனதில் மட்டும்தான் இருக்கிறது. அவரோடு போய்விட்டால் எந்த அட்டையை வெட்டியும் அதைத் திரும்பச் செய்ய முடியாது.

நம் குடியிருப்பிலும், உங்கள் சொந்த ஊர்களிலும் முன்னாள் படைவீரர்கள் இருப்பார்கள். அப்பா, மாமா, பெரியப்பா யாராவது ராணுவ வண்டி ஓட்டியிருந்தாலோ, பழுது பார்த்திருந்தாலோ இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள். வண்டியின் பெயர், வருடம், இடம் மூன்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள். பழைய போட்டோ இருந்தால் செல்போனில் படமெடுத்து, பின்னால் எழுதியிருப்பதையும் சேர்த்து எடுங்கள். இப்போது பணியில் இருப்பவர்களிடம் இதையெல்லாம் கேட்க வேண்டாம். ஓய்வு பெற்றவர்களின் பழைய நினைவுகள் மட்டும் போதும். கிடைப்பதைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால் ஒரு கோப்பில் சேர்த்து வைப்போம். சக்திமானின் நம்பர் பிளேட்டை இன்னும் எழுதாமல் வெறுமனே விட்டிருக்கிறேன். நம் ஊர்க்காரர் ஒருவர் நிஜமாக ஓட்டிய வண்டியின் எண்ணை அதில் எழுத வேண்டும் என்று ஆசை.

குழந்தைகளே, கிட்டே வந்து தொட்டுப் பார்க்கலாம். கார்த்திக்கின் பாலத்தை மட்டும் தூக்காதீர்கள், பசை இன்னும் காயவில்லை.